ராஜம் ஐயர் கண்ட நகை

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

முன்னுரை

வாழ்க்கையைப் பற்றியும் கலையைப் பற்றியும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிச் சிந்திக்க வைத்த நாவலாசிரியர் யார் என்று கேட்டால், ஆங்கிலம் படித்தவர்கள் அமெரிக்காவின் மார்க் ட்வைன் பெயரைச் சொல்வார்கள். அதில் தவறில்லை. ஆனால் அவர் மிசிசிப்பி ஆற்றங்கரை ஊர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த அதே நாட்களில், நம் திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி வழியாகப் பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் வத்தலக்குண்டு தந்த இளைஞர் ஒருவரும், ஒரு சிற்றூரின் திண்ணைகளைப் பற்றி அதே வகை நகைச்சுவையோடு தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். அவர்தான் பி. ஆர். ராஜம் ஐயர். அவர் தமிழில் எழுதிய நாவல் 'கமலாம்பாள் சரித்திரம்'.

இதை நான் அறிந்தது இந்த ஆண்டுதான். என் தந்தையார் பூட்டுப் பட்டறைத் தொழிலாளி. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். வீட்டில் அச்சடித்த தாள் என்றால் நாட்காட்டியும் குடும்ப அட்டையும்தான். நாவல் படிப்பது பொழுதுபோகாதவர்கள் வேலை என்றே எண்ணியிருந்தேன். பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் எங்கள் பேராசிரியை அம்மையார், 'நம் பக்கத்து ஊர்க்காரர் எழுதியது, படித்துப் பாருங்கள்' என்று நூலகத்திலிருந்து எடுத்துக் கொடுத்த புத்தகத்தைக் கடமைக்காகத்தான் பிரித்தேன். பிரித்த பிறகு நடந்ததைச் சொல்வதே இக்கட்டுரை. முதலில் ஆசிரியரைப் பற்றியும் நூலைப் பற்றியும் கூறி, பின் அவருடைய நகைச்சுவையின் தன்மையை ஆராய்ந்து, இறுதியில் அந்நூல் எனக்குக் கற்பித்த பாடத்தையும் கூற விரும்புகிறேன்.

ஆசிரியர் வரலாறு

ராஜம் ஐயர் 1872ஆம் ஆண்டு வத்தலக்குண்டில் பிறந்தார். மதுரையிலும், பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று பட்டம் பெற்றார். சட்டமும் படித்தார், ஆனால் வழக்கறிஞர் தொழிலில் அவர் மனம் நிலைக்கவில்லை. கம்பராமாயணத்திலும் ஆங்கில இலக்கியத்திலும் ஒரே அளவு ஊறியவர். 1893இல் 'விவேக சிந்தாமணி' என்னும் மாத இதழில் தொடராக ஒரு கதையை எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. எனக்கு இப்போது வயது இருபது. அடுத்த ஆண்டு நானும் இப்படி ஒன்று எழுத முடியுமா என்று எண்ணிப் பார்த்தேன். ஆய்வகக் குறிப்பேட்டையே கெடு நாளுக்கு முந்தின இரவில் முடிக்கிறவளாகிய எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அத்தொடர் 1895 வரை வெளிவந்து, 1896இல் நூல் வடிவம் பெற்றது. அதே 1896 சூலையில் சுவாமி விவேகானந்தரின் அன்பர்கள் சென்னையில் 'பிரபுத்த பாரதம்' என்னும் ஆங்கில மாத இதழைத் தொடங்கினார்கள். அதன் முதல் ஆசிரியராக அமர்ந்தவர் ராஜம் ஐயரே. இரண்டே ஆண்டுகள், 1898 மே மாதம் தம் இருபத்தாறாம் வயதில் காலமானார். அவர் ஆங்கிலத்தில் எழுதிய வேதாந்தக் கட்டுரைகள் 1905இல் தொகுக்கப்பட்டு நூலாயின.

வத்தலக்குண்டின் மண் வாகு வியப்புக்குரியது. விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா 1884இல் பிறந்ததும், 'மணிக்கொடி' இதழை நடத்திய பி. எஸ். ராமையா 1905இல் பிறந்ததும் அவ்வூரிலேதான். 'எழுத்து' இதழின் நிறுவனரும் 'வாடிவாசல்' ஆசிரியருமான சி. சு. செல்லப்பா வளர்ந்ததும் அங்கேதான். கொடைக்கானல் பேருந்து தேநீருக்காக நிற்கும் ஊர் என்று மட்டுமே நம்மில் பலர் அறிந்த ஊரிலிருந்து இத்தனை பேர் எழுதப் புறப்பட்டிருக்கிறார்கள்.

கதைச் சுருக்கம்

தமிழின் முதல் நாவலாகிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. அதிலும் நகைச்சுவைக்குக் குறைவில்லை. ஆனால் அது பல வேடிக்கைக் கதைகளை ஒரு நூலில் கோத்தது போன்றது. ராஜம் ஐயர் அப்படிச் செய்யவில்லை. மதுரைப் பக்கத்தில் சிறுகுளம் என்றொரு ஊரைப் படைத்து, அவ்வூரின் மனிதர்களையே கதையாக்கினார். மனிதரின் இயல்பிலிருந்தே நிகழ்ச்சிகள் பிறக்கின்றன. க. நா. சுப்ரமண்யம் 'முதல் ஐந்து தமிழ் நாவல்கள்' என்னும் தம் நூலில் இதனையும் எடுத்து ஆராய்ந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

முத்துஸ்வாமி ஐயர் வசதியானவர், நல்லவர். அவர் மனைவி கமலாம்பாள். அவர்கள் மகள் லட்சுமிக்கும் சீனிவாசனுக்கும் திருமணம் நடக்கிறது. இன்பமாகத் தொடங்கும் குடும்பத்தில் பொறாமை புகுகிறது, செல்வம் அழிகிறது, பிள்ளை காணாமற் போகிறான். இவை எல்லாவற்றையும் தாங்கிய குடும்பத்தைக் கடைசியில் உடைப்பது ஒரு சொல். கமலாம்பாளின் நடத்தையைப் பற்றி ஊரில் பிறந்த ஒரு பொய்ச் சொல் கணவர் காதுக்கு எட்டுகிறது. அவர் அதை நம்பி வீட்டைத் துறந்து போகிறார். பின்னர் ஒரு குருவை அடைந்து தெளிவு பெற்று, மனைவியோடு மீண்டும் சேர்வதே முடிவு. இந்நாவலுக்கு ஆசிரியர் இட்ட மற்றொரு பெயர் 'ஆபத்துக்கிடமான அபவாதம்'. அபவாதம் என்றால் வீண்பழி. 1998இல் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இதை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, கமலாம்பாளின் பெயரை விட்டு, உயிர் கொல்லும் வதந்தி என்னும் பொருள்படவே தலைப்பிட்டார்.

கதை இவ்வளவு துயரமாக இருக்க, நகைச்சுவை எங்கே இருக்கிறது என்று தோழியர் கேட்கலாம். அதுதான் இந்நூலின் சிறப்பு.

நகையின் நான்கு ஊற்றுகள்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என்பார். அவற்றுள் முதலாவது நகை. அந்த நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்றும் அவர் வகுத்தார். ஒருவரை இகழ்ந்து சிரிப்பது எள்ளல், குழந்தைத் தன்மையைக் கண்டு சிரிப்பது இளமை, அறியாமையால் பிறப்பது பேதைமை, நான்காவது மடன். வேதியியல் கூடத்தில் உப்பைச் சோதித்து வகைப்படுத்திப் பழகிய பழக்கத்தால், ராஜம் ஐயரின் நகைச்சுவையையும் இந்த நான்கு குப்பிகளில் இட்டுப் பார்த்தேன். நான்கிலும் அவருக்குச் சரக்கு இருக்கிறது.

முதலில் எள்ளல். சிறுகுளத்துப் பெண்கள் சிலர் கூடி ஊர்க்கதை பேசும் கூட்டத்துக்கு ஆசிரியர் சூட்டிய பெயர் 'வம்பர் மகாசபை'. காங்கிரஸ் மகாசபை தோன்றியது 1885இல். எட்டு ஆண்டு கழித்து இந்தப் பெயரைப் படித்த வாசகர் கட்டாயம் சிரித்திருப்பார். நாட்டுக்கு ஒரு மகாசபை என்றால் எங்கள் ஊருக்கும் ஒன்று உண்டு என்பது போல் இருக்கிறது. பெரிய பெயரைச் சிறிய காரியத்துக்குச் சூட்டி, அதைக் கடைசி வரை முகத்தைச் சுளிக்காமல் சொல்லிக்கொண்டு போவது அவர் முறை. இன்று எங்கள் தெருவில் அந்தச் சபை குடிநீர்க் குழாயடியில் கூடுகிறது. தண்ணீர் வராத நாளில்தான் கூட்டம் நீளும். குடம் வரிசையில் நிற்க, தீர்மானங்கள் நிறைவேறும். ஆண்களுக்கும் சபை உண்டு. தேநீர்க் கடைப் பலகை அதற்கு மன்றம். ஆகவே வம்பு பெண்களின் தனிச்சொத்து என்று எண்ணிச் சிரிக்கிற ஆண் வாசகர் தம்மையும் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது இளமை. லட்சுமி, சீனிவாசன் ஆகிய இருவரும் அக்கால வழக்கப்படி சிறு வயதிலேயே மணம் செய்விக்கப்பட்டவர்கள். பெரியவர்கள் நடத்தும் கல்யாணக் கோலாகலத்தின் நடுவே அந்த இளம் உள்ளங்களின் கூச்சத்தையும் ஆவலையும் ஆசிரியர் புன்னகையோடு பார்க்கிறார். அவ்வழக்கத்தை இன்று நாம் ஏற்க மாட்டோம். ஆயினும் அவர் அந்தப் பிள்ளைகளைக் கேலி செய்யவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

மூன்றாவது பேதைமை. தமிழ் நாவல் உலகின் மறக்க முடியாத மனிதர்களுள் ஒருவர் ஆடுசாபட்டி மகாவித்துவான் அம்மையப்ப பிள்ளை. அவருடைய தமிழ்ப் புலமை கடல். உலக அறிவோ கால் நனையாத குட்டை. எது பேசினாலும் கடினமான செய்யுளில் கொண்டுபோய் முடிப்பார். எளிய பாட்டு அவருக்குப் பாட்டாகவே தோன்றாது. இங்கே ஆசிரியர் கலையைப் பற்றிய தம் கருத்தையும் சிரிப்போடு கலந்து தருகிறார். யமகம், திரிபு என்று சொல்லை முறுக்கிப் பிழிவதே கவிதை என்று ஒரு காலம் எண்ணியது. அந்தக் காலத்துக்கு ஆசிரியர் கொடுத்த அன்பான அடி இந்தப் பாத்திரம். அன்பான அடி என்று சொல்லக் காரணம், அம்மையப்ப பிள்ளையின் வெள்ளை உள்ளத்தை ஆசிரியர் ஒரு போதும் மறைக்கவில்லை. அவரைப் பார்த்துச் சிரிக்கிற நாம், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்றும் ஆசைப்படுகிறோம்.

அவரைப் படித்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாள் காலை என் தாயார் கடப்பாக் கல்லில் படிந்த உப்புத் தண்ணீர்க் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். 'அம்மா, அது கால்சியம் கார்பனேட்டு. அமிலம் பட்டால் கார்பன் டை ஆக்சைடாகப் பொங்கிப் போய்விடும்' என்றேன். அம்மா நிமிர்ந்து பார்த்து, 'புளித்தண்ணி ஊத்துன்னு சொல்லுறியா?' என்று கேட்டார்கள். ஆம் என்றேன். 'அதைத்தானே ஊத்தி வச்சிருக்கேன்' என்றார்கள். அன்றுதான் ஆடுசாபட்டி வெகுதூரத்தில் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

நான்காவது மடன். இதுவே மிகவும் ஆழமானது. மடன் என்பதற்கு, பிறர் சொன்னதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டு, பிடித்ததை விடாதிருத்தல் என்று உரையாசிரியர் பொருள் கூறுவர். வம்பர் மகாசபையில் ஒருத்தி சொன்னதை மற்றவள் ஆராயாமல் எடுத்துக்கொள்வதும், கூடவே ஒரு பிடி உப்புப் போட்டு அடுத்தவளுக்குப் பரிமாறுவதும் நமக்குச் சிரிப்பூட்டுகின்றன. அதே குணம் முத்துஸ்வாமி ஐயரிடம் வந்து, மனைவியை ஒரு வார்த்தை கேட்காமலே அவரை வாசற்படி இறங்க வைக்கும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது. முன்னே சிரிக்கவைத்த அதே பொருள்தான் பின்னே அழவைக்கிறது. பொருள் மாறவில்லை, அளவு மாறியது. தொல்காப்பியர் வரிசையில் நகைக்கு அடுத்து வைத்த மெய்ப்பாடு அழுகை. அந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு சிறிது என்பதை ராஜம் ஐயர் ஒரு நாவல் முழுக்கக் காட்டுகிறார்.

கடல் கடந்த ஒரு துணை

இந்த இடத்தில் மார்க் ட்வைனை மறுபடியும் அழைக்க வேண்டியிருக்கிறது. சாமுவேல் கிளெமென்ஸ் என்பது அவருடைய இயற்பெயர், பிறந்தது 1835. கடனில் மூழ்கிய அவர், அதைத் தீர்ப்பதற்காக உலகைச் சுற்றிச் சொற்பொழிவாற்றப் புறப்பட்டு, 1896 சனவரியில் பம்பாயில் வந்திறங்கினார். 'கமலாம்பாள் சரித்திரம்' நூலாக வெளிவந்த ஆண்டும் அதுவே. அந்தப் பயணத்தைப் பற்றி 1897இல் அவர் வெளியிட்ட நூலில் ஒவ்வோர் அத்தியாயத்தின் தலையிலும் ஒரு குறும்பு வாக்கியம் இருக்கும். அவை எல்லாம் புட்டன்ஹெட் வில்சன் என்பவருடைய நாட்காட்டியிலிருந்து எடுத்தவை என்று அவர் குறிப்பிடுவார். அந்த வில்சன் அவருடைய கற்பனை மனிதரே. 1893 டிசம்பர் முதல் 1894 சூன் வரை அமெரிக்க மாத இதழ் ஒன்றில் தொடராக வந்த நாவலின் பாத்திரம். அதே மாதங்களில்தான் இங்கே 'விவேக சிந்தாமணி'யில் சிறுகுளத்துக் கதை வந்துகொண்டிருந்தது.

அந்த நாவலின் தொடக்கத்தைப் பாருங்கள். வில்சன் என்னும் இளம் வழக்கறிஞர் ஒரு சிற்றூருக்குப் புதிதாக வருகிறார். எங்கோ ஒரு நாய் விடாமல் குரைக்கிறது. அந்த நாயில் பாதி தமக்குச் சொந்தமாக இருந்தால், தம் பாதியைக் கொன்றுவிடுவேன் என்று அவர் வேடிக்கையாகச் சொல்கிறார். ஊரார் கூடி யோசிக்கிறார்கள். பாதி நாயைக் கொன்றால் மீதிப் பாதி எப்படிப் பிழைக்கும்? இதுகூடத் தெரியாத மடையன் என்று தீர்ப்பாகி, அன்றே அவருக்கு மடையன் என்னும் பட்டப்பெயர் ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஊரில் ஒருவரும் அவரிடம் வழக்குக் கொண்டு வரவில்லை. கைரேகைகளைக் கண்ணாடித் தகடுகளில் சேர்த்து வைக்கும் வேலையில் அவர் காலத்தைக் கழிக்கிறார். முடிவில் ஒரு கொலை வழக்கில் அந்தக் கைரேகைகளே உண்மையை வெளிப்படுத்துகின்றன, மடையன் அறிஞனாகிறார். பிரான்சிஸ் கால்ட்டனின் கைரேகை நூல் வெளிவந்தது 1892இல். 1897இல் உலகின் முதல் கைரேகைப் பதிவகம் நம் கல்கத்தாவில் அமைந்தது. அறிவியல் மாணவியாகிய எனக்கு இந்தச் செய்தி இனித்தது.

ஆனால் அதைவிட என்னை நிறுத்தியது வேறொன்று. அமெரிக்கச் சிற்றூரும் சிறுகுளமும் ஒரே தவற்றைச் செய்கின்றன. ஒன்று வேடிக்கையை உண்மை என்று எடுத்துக்கொண்டது. மற்றொன்று பொய்யை உண்மை என்று எடுத்துக்கொண்டது. இரண்டிலும் ஒரு மனித வாழ்வு பல ஆண்டுகள் பாழாகிறது. ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தே எழுதினார் என்று எண்ண இடமில்லை. ஊர் வாய் எங்கும் ஒரே மாதிரி என்பதே காரணம். 'உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது' என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்தது அமெரிக்காவுக்கும் பொருந்தும்.

கலை எதற்கு?

இருவருக்கும் வேற்றுமையும் உண்டு. ட்வைனின் நகை முதுமை ஏற ஏறக் கசந்துகொண்டே போயிற்று. ராஜம் ஐயரின் நகை கசக்கவில்லை. அது அமைதியை நோக்கிச் சென்றது. கதை சொல்வது மட்டும் தம் நோக்கமன்று என்றும், அலைக்கழிந்த ஓர் உயிர் பல துன்பங்களுக்குப் பின் அமைதி பெறுவதைக் காட்டவே எழுதியதாகவும் நூலின் முடிவில் அவர் கூறுகிறார். இதனால் பிற்பகுதியில் வேதாந்தம் மிகுந்து கதை மெலிந்துவிட்டது என்று விமரிசகர் சிலர் குறை கூறுவதுண்டு. எனக்கும் அந்தப் பகுதியில் பக்கங்கள் மெதுவாகவே நகர்ந்தன. சிறுகுளத்துத் திண்ணைக்கு எப்போது திரும்புவோம் என்று இருந்தது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். வதந்தியால் உடைந்த குடும்பத்தை வதந்தி பொய் என்ற சாட்சியத்தால் மட்டும் ஒட்ட வைத்திருக்கலாம். வில்சன் கைரேகையைக் காட்டியது போல. ராஜம் ஐயர் அதோடு நிற்கவில்லை. நம்பிய மனம் திருந்தாவிட்டால் இந்த வதந்தி போனாலும் அடுத்தது வரும் என்று அவர் கண்டார். ஆகவே அந்த மனத்தையே மாற்றப் பார்த்தார். அந்த முயற்சி கதைக்கு நல்லதா என்பதில் கருத்து வேற்றுமை இருக்கலாம். வாழ்க்கைக்கு நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதற்குக் காரணம் என் சொந்த அனுபவம்.

நான் சூட்டிய பெயர்

வகுப்பில் நான் வேடிக்கையாகப் பேசுகிறவள் என்று பெயர் எடுத்தவள். பட்டப்பெயர் வைப்பதில் கைதேர்ந்தவள். சென்ற பருவத்தில் தேர்வுக் கட்டணம் வசூலித்தபோது மூன்று பேருடைய பணம் குறைந்தது. பணம் எண்ணும்போது பக்கத்தில் இருந்தவள் ஒரு தோழி. நிலக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வருகிறவள். விடியுமுன் தாயோடு மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறித்துவிட்டு, ஏழு மணிப் பேருந்தில் ஏறுகிறவள். அந்த வாரம் அவள் புதுச் செருப்பு அணிந்து வந்திருந்தாள். யாரோ அதைச் சொன்னார்கள். நான் அந்தச் செருப்பை வைத்து ஒரு பெயர் சூட்டினேன். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். நல்ல பொருத்தமான பெயர், எல்லோரும் சிரித்தார்கள். நான் அவளைத் திருடி என்று சொல்லவில்லை. ஒரு வேடிக்கைதான் சொன்னேன். அப்படித்தான் அன்று எண்ணினேன்.

இரண்டு நாளில் அந்தப் பெயர் மற்ற வகுப்புகளுக்குப் போயிற்று. பின்னர் பேருந்திலும் ஏறிற்று. அவள் கல்லூரிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஒன்பதாம் நாள், ஆய்வக அலமாரியில் அடுக்கியிருந்த குறிப்பேடுகளுள் ஒன்றின் உறைக்குள்ளிருந்து அந்த மூன்று பேர் பணமும் கட்டணச் சீட்டோடு கிடைத்தது. பணம் கிடைத்துவிட்டது என்று வகுப்பு மகிழ்ந்தது. அவளைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்த வாரத்தில்தான் 'கமலாம்பாள் சரித்திர'த்தில் முத்துஸ்வாமி ஐயர் வீட்டை விட்டுப் போகும் இடத்துக்கு வந்திருந்தேன். அதற்கு மேல் படிக்க முடியவில்லை. வம்பர் மகாசபையைப் பார்த்து அவ்வளவு சிரித்தவள், அந்தச் சபையில் எனக்குத் தலைமை நாற்காலி இருந்ததைப் பார்க்கவில்லை.

அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன். அவர் மாங்காய்ப் பூட்டுக்குச் சாவி ராவிக்கொண்டிருந்தார். வேலையை நிறுத்தாமலே கேட்டார். பிறகு அரத்தைக் கீழே வைத்து, 'ஏத்தா, சாவியில ஒரு இழுப்பு குறைஞ்சா இன்னொரு தடவ ராவிக்கலாம். ஒரு இழுப்பு கூடிப்போச்சுன்னா சாவி போச்சு. ராவுன தூளை அள்ளி ஒட்டவா முடியும்? ஆனா கொடுத்தவன்கிட்டப் போயி, வீணாக்கிட்டேன்னு சொல்லணும்ல. நாளைக்குப் போயிட்டு வா' என்றார்.

போனேன். அவள் தோட்டத்தில் இருந்தாள். அவள் தாயார் முகம் கொடுத்துப் பேசி, 'உக்காரு தாயி' என்று தேநீர் வைத்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு நான் யாரென்று தெரியாது. அவளுக்குத் தெரியும். பணம் கிடைத்ததைச் சொன்னேன். பெயர் வைத்தது நான் என்றும் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பின், 'பள்ளிக்கூடத்துல படிக்கிற என் தங்கச்சியை அந்தப் பேரச் சொல்லித்தான்டி கூப்பிடுறாங்க' என்றாள். அந்தச் செருப்பு, அவள் மாமா திருவிழாவுக்கு எடுத்துக் கொடுத்தது. அவள் தந்தையார் படிப்பை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அவரிடமும் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் பேராசிரியை அம்மையாரிடம் ஒப்புக்கொண்டு, வகுப்பின் முன் நின்று, பணம் எப்படிக் கிடைத்தது என்பதையும் நான் செய்த தவற்றையும் கூறினேன். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

அவள் திரும்பி வந்தாள், தேர்வும் எழுதினாள். இப்போது நான்கு வரிசை தள்ளி உட்காருகிறாள். என்னோடு பேசுகிறாள், ஆனால் முன்போல் இல்லை. இந்தக் கட்டுரையை முதலில் அவளிடம்தான் காட்டினேன். படித்துவிட்டு, 'போடு. ஆனா என் ஊர்ப் பேரை எடுத்துரு' என்றாள். எடுத்துவிட்டேன்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் ராஜம் ஐயரின் நகைச்சுவை எத்தகையது என்பது விளங்கும். அவர் மனிதருடைய அறியாமையைப் பார்த்துச் சிரித்தார். மனிதரை விலக்கிச் சிரிக்கவில்லை. அம்மையப்ப பிள்ளையைப் பற்றி நாம் எவ்வளவு சிரித்தாலும் அவர் நம் சபையில் உட்கார்ந்தே இருக்கிறார். வம்பர் சபையின் சிரிப்போ, யாரைப் பற்றிச் சிரிக்கிறதோ அவரை எழுந்து போகச் செய்கிறது. இரண்டு சிரிப்புக்கும் ஓசை ஒன்றுதான். வேற்றுமையை அறிய ஒரே சோதனை எனக்குத் தெரிகிறது: சிரித்து முடித்த பின் அந்த மனிதர் எங்கே இருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

தோழியரே, வத்தலக்குண்டு வழியாகப் போகும்போது, அவ்வூரில் பிறந்து இருபத்தாறு வயதுக்குள் இவ்வளவையும் கண்டு சொல்லிவிட்டுப் போன அந்த இளைஞரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். நம் நூலகத்தில் 'கமலாம்பாள் சரித்திரம்' இருக்கிறது. நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அட்டையின் பின்பக்கச் சீட்டில் என் பெயருக்குக் கீழே உங்கள் பெயர் விழ வேண்டும் என்பது என் விருப்பம். எனக்கு அடுத்தாற்போல் ஒரு பெயர் முன்பே விழுந்திருக்கிறது. அது நான்கு வரிசை தள்ளி உட்காருகிறவளுடையது.